சாற்றில் முக்கிய ரொட்டி: சிகாகோவின் இத்தாலியன் பீஃப் கடைகளைப் பற்றி ஒரு விசாரணை

‘பீஃப், டிப்ட், ஹாட்’ என்னும் மூன்று சொற்களை, நடுவில் தயங்காமலும், முகத்தில் ஐயத்தின் சாயல் படரவிடாமலும், கவுண்டருக்கு அப்பால் கையில் இடுக்கியுடன் நிற்கும் மனிதரிடம் ஒரே மூச்சில் சொல்லிவிடக் கூடியவன் எவனோ, அவன் எந்த ஊரில் பிறந்தவனாயினும், அந்தக் கணத்துக்குச் சிகாகோ நகரவாசியாகவே மதிக்கப்படுகிறான். அவ்வாறு சொல்லத் தெரியாமல், சுவரில் தொங்கும் விலைப்பட்டியலை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, இதில் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று விசாரிக்க ஆரம்பிப்பவனோ, பின்னால் நிற்கும் பத்துப் பதினைந்து பேருடைய பெருமூச்சைத் தன் பிடரியில் உணர்கிறான். நான் இரண்டாம் வகையினனாக அந்நகரத்தில் பிரவேசித்து, சில நாட்களுக்குள் முதல் வகையினனாக மாறியவன். அந்த இடைக்காலத்தில், எந்தக் கடை உத்தமம் என்ற கேள்வியை டாக்ஸி ஓட்டுநரிடமும், ஹோட்டல் சிப்பந்தியிடமும், பழைய புத்தகக் கடைக்காரரிடமும் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் சொன்ன கடையை மற்றவர் சொல்லாதது எனக்கு ஆச்சரியம் அளிக்கவில்லை. ஒருவர் சொன்ன கடையின் பெயரைக் கேட்டதும் மற்றவர் சிரித்ததுதான் விசித்திரமாகப் பட்டது. அந்தச் சிரிப்புக்கு என்ன ஆதாரம் என்று தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதலில் பதார்த்தத்தின் லட்சணத்தைச் சொல்லிவிட வேண்டும். மாட்டின் பின்தொடைப் பாகத்திலிருந்து எடுத்த, கொழுப்புக் குறைந்த இறைச்சித் துண்டத்தைப் பூண்டு, மிளகு, ஆரிகானோ, பேசில் முதலிய வாசனைப் பொருள்களுடன் நீர் ஊற்றிய தட்டில் வைத்து அடுப்பில் வாட்டி, ஆறவிட்டுக் குளிர்வித்து, கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய சீவல்களாகச் சீவி, அதே இறைச்சியிலிருந்து வடிந்த சாற்றைச் சூடாக்கி அதில் அச்சீவல்களைப் புரட்டி எடுத்து, ஒரு சாண் நீளமுள்ள ரொட்டியின் பிளவுக்குள் திணித்துக் கொடுப்பதே இத்தாலியன் பீஃப் சாண்ட்விச். சாற்றை அவ்வூரார் ‘கிரேவி’ என்றும் ‘ஜூஸ்’ என்றும் வழங்குகிறார்கள். கெட்டியான குழம்பென்று எண்ணிவிடக் கூடாது, நம் வீட்டு ரசத்தைப் போல் தெளிந்து ஓடக்கூடிய திரவம் அது. சாறு எவ்வளவு வேண்டும் என்பதற்கு மூன்று படிகள் உண்டு. ‘ட்ரை’ என்றால் சீவல்களை வடித்துவிட்டு வைப்பது; ‘வெட்’ என்றால் அதன் மேல் ஒரு கரண்டி சாறு விடுவது; ‘டிப்ட்’ என்றால் சாண்ட்விச் முழுவதையும் இடுக்கியால் பிடித்துச் சாற்றுத் தொட்டியில் முக்கி எடுப்பது. ‘ஹாட்’ என்பது சூட்டைக் குறிப்பதன்று. ஜார்டினியேரா என்ற காரமான ஊறுகாயைக் குறிக்கும். ‘ஸ்வீட்’ என்பதும் சர்க்கரையைக் குறிப்பதன்று. வாட்டிய குடைமிளகாயைக் குறிக்கும். இறைச்சியே வேண்டாம், சாற்றில் ஊறிய ரொட்டி மட்டும் போதும் என்பாரும் உண்டு. அதற்குக் ‘கிரேவி ப்ரெட்’ என்று தனிப் பெயர் இருக்கிறது.

பெயரில் இத்தாலி இருந்தாலும் இத்தாலியில் இப்பண்டம் கிடையாது. இதற்கு ஒன்றுவிட்ட உறவென்று சொல்லத்தக்க ‘ஃப்ரெஞ்ச் டிப்’ என்ற சாண்ட்விச் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் யார் என்று அங்கே ஃபிலிப், கோல்ஸ் என்னும் இரண்டு கடைகள், இரண்டுமே 1908-இல் தோன்றியவை, நூறாண்டாக வழக்காடி வந்திருக்கின்றன. சிகாகோவின் வழக்கு அத்தகையதன்று. இங்கே யார் முதலில் செய்தார் என்பதில் சச்சரவு சொற்பம். யார் இன்று நன்றாகச் செய்கிறார் என்பதில்தான் சச்சரவு.

மேலே செல்லுமுன் ஒரு வார்த்தை. மாட்டிறைச்சி உண்ணும் வழக்கம் இல்லாத வாசகர்கள் இக்கட்டுரையைப் படிக்கக் கூடும். அவர்கள் வருந்த வேண்டியதில்லை. இக்கடைகளை நடத்தியவர்களும் இவற்றில் உண்டவர்களும் பெரும்பாலும் கத்தோலிக்கர்களாகையால், ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அவர்களே இறைச்சியைத் தொடாதிருந்தார்கள். அந்த நாட்களுக்காகக் குடைமிளகாயையும் முட்டையையும் சேர்த்துக் கிளறி, அதே ரொட்டியில் வைத்துக் கொடுக்கும் ஒரு சாண்ட்விச் ஏற்பட்டது. இன்றும் பல பீஃப் கடைகளில், விசேஷமாக அந்தப் பருவத்தில், அது கிடைக்கிறது. விரதம் பிடித்தவனையும் கைவிடாத வியாபாரம் என்று அதை நான் மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன்.

இனிச் சரித்திரம். 1865-ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் தினத்தன்று சிகாகோவின் தென்புறத்தில் திறக்கப்பெற்று, 1971 வரை நடந்துவந்த யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் என்னும் மாபெரும் கால்நடைச் சந்தையையும் அதைச் சூழ்ந்த இறைச்சிக் கொட்டகைகளையும் தவிர்த்துவிட்டு அந்நகரத்து உணவைப் பற்றி எதுவும் பேச இயலாது. ரயில் வண்டிகளில் வந்திறங்கிய மாடுகள் அங்கே வெட்டப்பட்டு, உயர்ந்த பாகங்கள் குளிர்பதன வண்டிகளில் கிழக்கத்திய நகரங்களின் செல்வர் மேஜைகளுக்குப் போயின. கடினமான, நார் மிகுந்த, விலை மலிந்த பாகங்கள் உள்ளூரிலேயே தங்கின. தென் இத்தாலியிலிருந்து வந்து கூலி வேலை செய்த குடும்பங்களுக்கு வாய்த்தது இந்த மலிந்த பாகமே. கடினமான இறைச்சியை மென்மையாக்க ஏழைக்குத் தெரிந்த யுக்திகள் இரண்டு: நீரில் நெடுநேரம் வேகவைப்பது ஒன்று, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே மிக மெல்லியதாகச் சீவுவது மற்றொன்று. இத்தாலியன் பீஃப் இவ்விரண்டு யுக்திகளின் சேர்க்கை.

இதில் கல்யாணத்துக்கும் பங்குண்டு. மண்டபம் பிடித்து விருந்து வைக்க வசதியில்லாத குடும்பங்கள், மாதா கோவிலின் அடித்தளத்திலோ வீட்டிலோ விவாகத்தை நடத்தி, வந்தவர்களுக்கு வேர்க்கடலையும் எளிய பண்டங்களும் கொடுத்து உபசரித்தார்கள். அவற்றுக்கு ‘வேர்க்கடலைக் கல்யாணம்’ என்றே பெயர். ஒரே இறைச்சித் துண்டத்தைக் கொண்டு அத்தனை விருந்தினரையும் திருப்தி செய்ய வேண்டுமானால், துண்டம் பெருகாதாகையால், சீவல்தான் மெலிய வேண்டும். போதாக்குறையை ரொட்டியும் சாறும் ஈடுசெய்ய வேண்டும். ஆல்ஸ் என்னும் பழைய பீஃப் கடையின் குடும்பத்தார், தங்கள் மூதாதையான டோனி ஃபெரேரி என்பவரே இம்மாதிரிக் கல்யாணங்களில் இந்தச் சிக்கன முறையைக் கையாண்டார் என்று சொல்லி வருகிறார்கள். 1925-இல் பாஸ்குவாலே ஸ்காலா என்பவர் தொடங்கிய இறைச்சி நிறுவனமும் இப்பண்டத்தை ஊரெங்கும் பரப்பியதில் பங்கு பெற்றது. பத்துப் பேர் சேர்ந்து கண்டுபிடித்ததற்கு ஒருவர் பெயரை மட்டும் ஒட்டுவது நியாயமாகாது என்பதே என் அபிப்பிராயம். பசியும் மலிவும் கூடிய இடத்தில் ஒரே யோசனை பல அடுக்களைகளில் உதித்திருக்கக் கூடும்.

இப்பொழுது நம் விசாரணையின் முடிச்சுக்கு வருகிறோம். இந்தக் கடைகளில் எதுவும் தன் ரொட்டியைத் தானே சுடுவது அபூர்வம். 1886-இல் நிறுவப்பெற்ற கொனெல்லா, 1962-இல் தொடங்கிய டுரானோ என்னும் இரண்டு ரொட்டிச் சாலைகளே இவற்றில் மிகப் பலவற்றுக்கு ரொட்டி அளித்து வருகின்றன. இறைச்சியும் எந்த விசேஷப் பண்ணையிலிருந்தும் வருவதன்று. எல்லாரும் வாங்கும் தொடைப் பாகமே. ரொட்டி ஒன்று, இறைச்சி ஒன்று, செய்முறையும் ஏறக்குறைய ஒன்று. அப்படியிருக்க, ஒரு கடையின் பெயரைக் கேட்டு மற்றொரு கடையின் அபிமானி சிரிப்பதற்கு இடம் எங்கே இருக்கிறது? ஒரே சோற்றை உண்டு ஒரே நீரைக் குடிக்கும் இரண்டு ஊர்களின் காபி வேறு வேறாக இருப்பதைப் போன்றது இது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் ஆராய்ச்சி என்று பெயர் வைத்த பிறகு அவ்வளவு எளிதாகத் தப்பித்துக்கொள்ள முடியாது.

வேற்றுமை முதலில் சாற்றில் இருக்கிறது. வாட்டும் தட்டில் நீர் எவ்வளவு விடப்பட்டது, பூண்டு எவ்வளவு, மிளகு முழுதா பொடியா, வடிந்த சாற்றின் மேல் மிதக்கும் கொழுப்பை எவ்வளவு நீக்கினார்கள், எவ்வளவு விட்டுவைத்தார்கள் என்பவற்றைப் பொறுத்து, ஒரு கடையின் சாறு மூலிகைக் கஷாயம்போல் வாசனை தூக்கி நிற்கிறது. இன்னொரு கடையினுடையது இறைச்சியின் ருசியை மட்டும் அடக்கமாகச் சொல்கிறது. மூன்றாவதோ வெறும் உப்பு நீர். நான் ஒவ்வொரு கடையிலும் ஒரு சிறு கிண்ணத்தில் சாற்றைத் தனியாக வாங்கிக் குடித்துப் பார்த்த பிறகே சாண்ட்விச்சைத் தொடுவது என்று ஒரு நியமம் வைத்துக்கொண்டிருந்தேன். இது பைத்தியக்காரத்தனம் என்று கடைக்காரர்கள் எண்ணியிருக்கலாம். ஆனால் சாறு சப்பென்றிருந்த கடையில் ரொட்டியும் இறைச்சியும் எத்தனை சிறந்ததாயினும் சாண்ட்விச் தேறியதே இல்லை.

அடுத்தது ஊறுகாய். ஜார்டினியேரா என்ற சொல்லுக்குத் தோட்டக்காரி என்று பொருள். இத்தாலியில் அது காய்கறிகளைக் காடியில் ஊறவைத்துச் செய்வது. சிகாகோவுக்கு வந்த பின் எண்ணெய்க்குள் இறங்கிவிட்டது. பச்சைமிளகாய், செலரித் தண்டு, காரட், காலிஃபிளவர், சில சமயம் ஆலிவ் காய் ஆகியவற்றைச் சிறு துண்டுகளாக நறுக்கி, உப்பிலும் காடியிலும் பதப்படுத்தி எண்ணெயில் மூழ்கவைப்பார்கள். 1898-இல் தோன்றிய ஃபார்முசா நிறுவனத்தின் மார்க்கோனி ஜாடி அந்நகரத்து மளிகைக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். எண்ணெயில் ஊறிய ஆவக்காயோடு பழகிய நாக்குக்கு இதன் காரம் ஒரு பொருட்டாகத் தோன்றாது. இதன் தொழில் காரமூட்டுவது மட்டுமன்று. மெல்லிய சீவலும் நனைந்த ரொட்டியும் இரண்டுமே குழைந்தவை. பல்லுக்கு அகப்படும் நறுக்கென்ற கடிப்பை இதுவொன்றே தருகிறது. அன்றியும் இதன் எண்ணெய் சாற்றோடு கலந்து வழிகையில் சாற்றுக்கே ஒரு புதிய கொழுமை உண்டாகிறது. சில கடைகள் செலரியை மட்டும் தாராளமாகப் போட்டுக் காரத்தைத் தனியாக விடுகின்றன. சில கடைகளில் மிளகாய் மேலோங்கி நிற்கிறது. இதில் என் கட்சி செலரிக் கட்சி.

மூன்றாவது வேற்றுமை, எல்லாவற்றிலும் முக்கியமானதும் மிகக் குறைவாகப் பேசப்படுவதுமான ஒன்று: காலம். முதல் முறை இந்தச் சாண்ட்விச்சை வாங்கியபோது, நான் செய்த காரியம் என்னவெனில், முக்கி எடுத்துத் தாளில் சுருட்டிக் கொடுத்ததை ஒரு பையில் போட்டுக்கொண்டு, மரியாதையாக மேஜை நாற்காலியில் அமர்ந்து உண்ணலாம் என்ற எண்ணத்துடன், அரைமணி நேரம் பஸ்ஸில் பயணம் செய்து என் அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். பிரித்துப் பார்த்தால் ரொட்டி என்று ஒன்று இல்லை. கூழுக்குள் இறைச்சி கிடந்தது. கரண்டி கொண்டு தின்று தீர்த்தேன். குற்றம் கடையினுடையதன்று, என்னுடையதே. முக்கி எடுத்த சாண்ட்விச்சின் ஆயுள் ஐந்து நிமிஷம், மேற்பட்டால் பத்து. ரொட்டியின் மேலோடு உறுதி குலையாமலும், உள்ளே மென்பாகம் சாறு முழுதும் குடித்தும் இருக்கும் அந்தச் சந்தியில்தான் அதை உண்ண வேண்டும். பிளவின் ஒரு பக்கம் வெட்டுப்படாமல் கீல்போல் சேர்ந்திருக்க வேண்டியதும் இதனாலேயே. அது அறுந்தால் உள்ளிருப்பதெல்லாம் மடியில் வந்து விழும்.

காலம் கவுண்டருக்கு அப்பாலும் வேலை செய்கிறது. சீவிய இறைச்சி சூடான சாற்றில் கிடக்க வேண்டியது சில விநாடிகள் மட்டுமே. கூட்டம் நிறைந்த வேளையில், ஒரு பிடி போடுவதும் உடனே எடுப்பதுமாக இருப்பதால், அது ரோஜா நிறம் மாறாமல் பட்டுப்போல் வருகிறது. கூட்டமில்லாத பிற்பகலில், சாற்றிலேயே ஒரு மணி நேரம் கிடந்த சீவல் சுருண்டு, சாம்பல் நிறமாகி, ரப்பரைப் போல் இழுபடுகிறது. புறநகர்க் கடை ஒன்றில், அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை, பிற்பகல் நான்கு மணிக்கு இத்தகைய ஒன்றை மென்று தாடை நொந்தேன். மறுநாள் நண்பகலில் அதே கடையில் அதே மனிதர் கொடுத்தது அமிர்தமாக இருந்தது. ஆகவே இன்ன கடை உத்தமம் என்று சொல்பவரிடம், எத்தனை மணிக்கு என்று கேட்க வேண்டியது நியாயமாகிறது. நீண்ட வரிசை நிற்கும் கடை நன்றாக இருப்பதற்கு அந்த வரிசையே பாதிக் காரணம்.

இந்த மூன்று அளவுகோல்களையும் கையில் வைத்துக்கொண்டு கடைகளைப் பார்ப்போம். டெய்லர் தெருவில் உள்ள ஆல்ஸ், வயதினாலும் கீர்த்தியினாலும் முன் நிற்பது. 1938-இல் ஆல் ஃபெரேரி என்பவரும் அவருடைய சகோதரி ஃபிரான்ஸிஸும், அவள் கணவர் கிரிஸ் பசேலியும் சேர்ந்து மரத்தாலான ஒரு சிறு கடையாக இதைத் தொடங்கினார்கள். பந்தயச் சூதாட்டத்துக்கு ஒரு திரையாகவே சாண்ட்விச் வியாபாரம் ஆரம்பமாயிற்று என்று குடும்பத்தாரே சிரித்துக்கொண்டு சொல்லும் கதை ஒன்று உண்டு. திரை நாடகத்தைக் காட்டிலும் அதிக லாபம் தந்தது போலும். டெய்லர் தெரு அக்காலத்தில் இத்தாலியரின் பேட்டை. 1960-களில் நகராட்சி அப்பேட்டையின் பெரும்பகுதியை இடித்துத் தள்ளி இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு இடம் கொடுத்தது. ஃப்ளாரன்ஸ் ஸ்காலா என்ற வீரப் பெண்மணியின் தலைமையில் அப்பகுதி மாதர்கள் மேயரின் அலுவலகம்வரை சென்று போராடியும் பயனில்லாமல், 1965-இல் கல்லூரி திறக்கப்பட்டது. குடும்பங்கள் மேற்கே புறநகரங்களுக்குச் சிதறின. அவர்களோடு பீஃப் கடைகளும் மேற்கே பெயர்ந்தன. டெய்லர் தெருவில் எஞ்சியிருப்பவற்றுள் ஆல்ஸ் ஒன்று. இன்று அங்கே வரிசையில் நிற்பவர்களுள் பாதிப் பேர் அந்தக் கல்லூரியின் மாணவர்களே.

ஆல்ஸின் சாறு ஓர் அபூர்வ சிருஷ்டி. பூண்டும் மிளகும் எல்லாரிடமும் உண்டு. இதில் கிராம்பையோ ஜாதிக்காயையோ நினைவூட்டும் ஒரு சூடான மணம் அடியில் ஓடுகிறது. அது இன்னதென்று அவர்கள் சொல்வதில்லை. ரசிகர்கள் ஆளுக்கொன்றாக ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள். மசாலாவில் வளர்ந்த நமக்கு அந்த மணம் பரிச்சயமானதாகையால் இக்கடையிடம் எனக்குப் பட்சபாதம் ஏற்பட்டிருக்கலாம். அதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இங்கே உண்ணும் முறைக்கு ‘இத்தாலியன் ஸ்டான்ஸ்’ என்று பெயர்: கால்களை மேஜையிலிருந்து பின்னுக்குத் தள்ளி வைத்து, இரு முழங்கைகளையும் பலகையில் ஊன்றி, உடம்பை முன்னுக்குச் சாய்த்து, சாண்ட்விச்சை வாய்க்குக் கொண்டுவராமல் வாயைச் சாண்ட்விச்சுக்குக் கொண்டுபோவது. வழியும் சாறு சட்டையில் விழாமல் பலகையில் விழும். தண்டால் எடுக்கப் போகிறவன்போல் நின்று சாப்பிடுவதில் முதலில் கூச்சமாயிருந்தது; ஒரு சட்டையை இழந்த பின் கூச்சம் போய்விட்டது.

ஆர்லியன்ஸ் தெருவிலுள்ள மிஸ்டர் பீஃப் வேறொரு விதமான கீர்த்தி பெற்றது. ஒரு காலத்தில் பட்டறைகளும் கிடங்குகளும் நிறைந்திருந்து, பிறகு ஓவியக் கூடங்களும் உயர்ந்த மாளிகைகளும் வந்துவிட்ட ரிவர் நார்த் பகுதியில், யாதொரு அலங்காரமும் இல்லாமல் பிடிவாதமாக நின்றுகொண்டிருக்கும் கடை அது. 1970-களின் இறுதியிலிருந்து அதை நடத்திவந்த ஜோசப் ஸுக்கேரோவின் மகனுடைய நண்பரான கிறிஸ்டஃபர் ஸ்டோரர் என்பவர், இக்கடையை மனத்தில் வைத்து ‘தி பேர்’ என்ற தொலைக்காட்சித் தொடரை உருவாக்கினார். 2022 ஜூன் மாதத்தில் அது வெளியான பிறகு, இத்தாலியன் பீஃப் என்ற பெயரையே கேட்டிராத ஊர்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் அந்த வாசலில் வந்து நிற்கத் தொடங்கினார்கள். ஸுக்கேரோ 2023 மார்ச்சில் காலமானார். தொடரின் புகழால் வருபவர்கள் கடையின் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு, சாண்ட்விச்சை ஆறவிட்டு, பிறகு உண்டு, இவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். சாற்றில் மணம் மிதமானது, உப்பு அளவானது, ரொட்டி நன்றாகத் தாங்குகிறது. பகட்டில்லாத, நாணயமான சாண்ட்விச். நாடகத்தை எதிர்பார்த்து வந்தவனுக்கு அது போதாது. நண்பகலில் பசித்து வந்தவனுக்கு அதற்கு மேல் வேண்டுவதில்லை.

மூன்றாவது கடையைப் பற்றிச் சொல்லும்போது ஒரு சட்டச் சிக்கல் எழுகிறது. 1961-இல் தொடங்கிய ஜானீஸ் பீஃப், நார்த் அவென்யூவில், எல்ம்வுட் பார்க் என்ற தனி ஊரில் இருக்கிறது. சிகாகோவின் எல்லைக்குச் சில தெருக்கள் மேற்கே. நகரத்தின் உத்தமமான கடை நகரத்துக்குள் இல்லாமல் இருக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, டெய்லர் தெருவின் கதையையே பதிலாகச் சொல்வேன்: மக்கள் போன இடத்துக்குச் சமையலும் போயிற்று. கடை மிகச் சிறியது. உள்ளே உட்கார இடமில்லை; வெளியே சில மேஜைகள்; மழையானாலும் பனியானாலும் வரிசை வாசலைத் தாண்டி வளைந்து கிடக்கும். வரிசை நீளமாயினும் வேகமாக நகர்கிறது. ஏனெனில் வாங்க வருபவர்கள் அநேகமாக அக்கம்பக்கத்தார், சொல்ல வேண்டியதை முன்பே மனப்பாடம் செய்தவர்கள். முக்கி எடுப்பதை இங்கே ‘ஜூஸி’ என்று சொல்வார்கள். இங்கு உண்ட சாண்ட்விச்சில் நான் கண்ட விசேஷம் எந்த ஒரு பாகமும் மற்றொன்றை மிஞ்சாமையே. சாறு இறைச்சியின் ருசியோடு நின்றுவிடுகிறது. சீவல் கூடுமானவரை மெல்லியது. ஊறுகாயில் செலரி நறுக்கென்று கடிபடுகிறது. வரிசை ஓயாதாகையால் இறைச்சி சாற்றில் காத்திருக்க நேரமே இல்லை. கடை வாசலிலேயே காரின் மூடியின் மேல் தாளை விரித்துக்கொண்டு உண்பவர்கள் பலர். ஐந்து நிமிஷ ஆயுளுள்ள பண்டத்துக்கு அதுவே தகுந்த போஜனசாலை.

பெருநிறுவனங்களைப் பற்றிச் சுருங்கச் சொன்னால் போதும். டிக் போர்ட்டில்லோ என்பவர் 1963-இல் வில்லா பார்க் என்ற புறநகரில் 1,100 டாலர் முதலீட்டில், ஒரு சிறு இழுவண்டியில், ‘டாக் ஹவுஸ்’ என்ற பெயருடன் தொடங்கிய கடை, இன்று போர்ட்டில்லோஸ் என்ற பெயரில் கலிபோர்னியா, அரிஸோனா, ஃப்ளாரிடா, டெக்ஸஸ் முதலிய ராஜ்யங்களில் கிளைகள் பரப்பி, 2021-இல் பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டது. பெர்வின் என்ற ஊரில் 1981-இல் ஒரு குடும்பத்தார் தொடங்கிய புவோனாவும் புறநகரங்கள் எங்கும் கிளைத்திருக்கிறது. இவ்விடங்களின் சாண்ட்விச்சை இழிவாகப் பேசுவது சிகாகோ ரசிகர்களிடையே ஒரு நாகரிகம். அதை நான் ஏற்கவில்லை. எந்தக் கிளையில், எந்த நேரத்தில் போனாலும் ஒரே தரத்தில் கிடைக்கும் என்பது அற்ப குணமன்று. ஊரைவிட்டுப் போய் அரிஸோனாப் பாலைவனத்தில் குடியேறிய முதியவர் ஒருவருக்கு அது பெரும் ஆறுதலாகவே இருக்கும். ஆனால் அச்சாண்ட்விச்சில் சமைத்தவர் ஒருவரின் பிடிவாதம் தென்படுவதில்லை. எல்லாருக்கும் பிடிக்க வேண்டும் என்ற கவலை தென்படுகிறது.

இரண்டு உபவிவாதங்கள் எஞ்சியிருக்கின்றன. பாலாடைக்கட்டி சேர்க்கலாமா என்பது ஒன்று. புரொவலோனேயையோ மொஸரெல்லாவையோ உருக்கிப் போட்டுக் கொடுக்கும் கடைகள் பல உண்டு. பழமை விரும்பிகள் அதை அபசாரமாகக் கருதுகிறார்கள். பாலாடை ரொட்டியின் உட்புறத்தில் படிந்து சாற்றை உறிஞ்சவிடாமல் தடுக்கிறதாகையால், பழமையைச் சாராமலே நானும் அதை மறுக்கிறேன். ‘காம்போ’ என்பது மற்றொன்று: இறைச்சிச் சீவலுக்கு அடியில், பெருஞ்சீரகம் சேர்த்த இத்தாலியன் ஸாஸேஜ் ஒன்றை முழுதாக வைத்துத் தருவது. ஆல்ஸிலும் ஜானீஸிலும் ஸாஸேஜைக் கரி நெருப்பில் சுடுகிறார்கள். அந்தப் புகை மணம் சாற்றோடு சேரும்போது, இதுவரை நான் எழுதியவற்றில் பாதியை அடித்துவிடலாமா என்ற சபலம் உண்டாகிறது. இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்கும் நோக்கத்துடன் போகிறவர்கள் காம்போவைத் தவிர்க்க வேண்டும். ஸாஸேஜ் நன்றாயிருந்தால் சாற்றின் குறை தெரியாமல் போய்விடும்.

தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். சாறு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் ஆல்ஸுக்கு நிகரில்லை. சாறு, ரொட்டி, சீவல், ஊறுகாய், காலம் ஆகிய எல்லாம் ஒருங்கே கூடிய சாண்ட்விச் என்று பார்த்தால் முதலிடம் ஜானீஸுக்கு, ஆல்ஸ் இரண்டாவது, மிஸ்டர் பீஃப் மூன்றாவது, அதுவும் வெகுதூரம் பின்தங்கிய மூன்றாவதன்று. ஒரு நண்பகல் மட்டுமே கைவசம் உள்ள பிரயாணிக்கு, எல்ம்வுட் பார்க்குக்குப் போகக் கார் இல்லையென்றால், டெய்லர் தெருவையே சொல்வேன். சாற்றின் உப்பும் ஊறுகாயின் காரமும் நாக்கில் நிற்கும்போது குளிர்ந்த எலுமிச்சை ஐஸ் ஒன்று தேவைப்படும், ஆல்ஸுக்கு எதிர்ச்சாரியிலேயே 1954 முதல் மரியோஸ் என்ற கடை அதை விற்று வருகிறது. கோடையில் போக வேண்டும். குளிர்காலத்தில் அந்தக் கடை திறப்பதில்லை.